கல்கத்தாவில் ஒரு செஸ் ஆட்டம், 1855



நம் கிளப் ஹவுஸில் கோடை விடுமுறை செஸ் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நேரம் இது. பிள்ளைகள் பிரிவு சீக்கிரம் நிரம்பிவிடும். பெரியவர்கள் பிரிவுக்கு மட்டும் யாராவது வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டியிருக்கும். "எனக்கு என்ன சார் தெரியும், சும்மா காய் நகர்த்துவேன்" என்பதுதான் பலருடைய பதில். அப்படிச் சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஊர்ப்பெயர், ஆள்பெயர், வருஷம் எல்லாம் உள்ள நிஜக் கதை இது. உலக சாம்பியன் யாரும் இதில் ஆடவில்லை. ஒரு நகரத்துச் செஸ் சங்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர்தான் கதாநாயகர்கள். அந்த ஆட்டத்தில் தோற்றவரின் யோசனை இன்றும் உலக சாம்பியன் போட்டிகளில் பலகைக்கு வருகிறது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். செஸ் காய்களை ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். மூலைவிட்டமாகப் போகும் பிஷப்பைத்தான் மந்திரி என்கிறேன். சில வீடுகளில் ராணியையே மந்திரி என்பார்கள், குழம்ப வேண்டாம். கட்டங்களுக்கு மட்டும் தேவையான இடத்தில் எஃப் 7 போன்ற எண்களைப் போட்டிருக்கிறேன். பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். இல்லாவிட்டாலும் கதை புரியும்.

வக்கீலும் கிராமத்து ஆட்டக்காரரும்

ஜான் காக்ரேன் 1798ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். தொழில் வக்கீல், பித்து செஸ். 1822லேயே செஸ் ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியவர். பாரீசுக்குப் போய் அந்தக் காலத்து மிகப் பெரிய ஆட்டக்காரர்களான தெஷாப்பெல், லா பூர்தொன்னே இருவரோடும் ஆடித் தோற்றுத் திரும்பியவர். 1824ல் லண்டன் சங்கத்துக்கும் எடின்பரோ சங்கத்துக்கும் தபால் மூலம் ஒரு போட்டி தொடங்கியது. லண்டன் பக்கம் இவர் இருந்தார். போட்டி முடிவதற்குள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். நடுவில் 1841 முதல் 1843 வரை லண்டனில் இருந்ததைத் தவிர, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்கத்தாவில்தான் கழித்தார். அந்த விடுப்பிலும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஹோவர்ட் ஸ்டாண்டனோடு நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார்.

கல்கத்தாவுக்குத் திரும்பியதும் அவருக்கு ஒரு கஷ்டம். அங்கே அவருக்கு ஈடாக ஆட ஆள் இல்லை. சங்கத்தில் எல்லாரையும் சுலபமாக ஜெயித்துவிடுவார். நம் குடியிருப்பிலேயே டேபிள் டென்னிஸில் அப்படி ஒருவர் உண்டு, அவரிடம் கேட்டால் சொல்வார், எப்போதும் ஜெயித்துக்கொண்டிருப்பது எவ்வளவு அலுப்பு என்று.

1848 வாக்கில் காக்ரேன் சங்கத்தில் கேட்டாராம்: இந்த நாட்டுக்காரர்களில் நன்றாக ஆடுகிறவர் யாருமே இல்லையா? சங்க உறுப்பினர் ஒருவருக்கு ஒரு செய்தி காதில் விழுந்திருந்தது. கல்கத்தாவுக்கு வெளியே, உள்நாட்டுப் பகுதியில், செஸ்ஸில் யாரிடமும் தோற்காத பிராமணர் ஒருவர் இருக்கிறார் என்று. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனபோது அந்த உறுப்பினர் அவரைத் தேடிப் பிடித்து ஆடிப் பார்த்தார். சமமான கை என்று தெரிந்தது. உடனே காக்ரேனிடம் அழைத்து வந்துவிட்டார். அவர்தான் மகேஷ்சந்திர பானர்ஜி. அப்போது அவருக்குச் சுமார் ஐம்பது வயது. காக்ரேனுக்கும் அதே ஐம்பது.

இந்த விவரங்கள் 1850ல் லண்டனில் வெளிவந்த ஒரு செஸ் பத்திரிகைக்குக் கல்கத்தா சங்கத்தார் ஒருவர் எழுதிய கடிதத்தால் நமக்குக் கிடைத்தவை. அந்த நாளில் இந்தக் கடிதம் எப்படிப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல். நம் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியதே 1856 ஜூலை முதல் தேதி. ரயிலும் கால்வாயும் இல்லாத காலத்தில், ஒரு கிராமத்து மனிதர் நன்றாகச் செஸ் ஆடுகிறார் என்ற செய்தி கடல் கடந்து போய் அச்சில் ஏறியது.

பழைய விதி, புதிய விதி

மகேஷ்சந்திரருக்கு ஆட்டத் திறமை அபாரம். ஆனால் அவர் கற்றது நம் நாட்டு விதிகளில். உங்கள் தாத்தா பாட்டியிடம் சதுரங்கம் கற்றவர்களுக்கு இது நினைவிருக்கலாம். நாட்டு விதியில் சிப்பாய் முதல் தடவையிலும் ஒரு கட்டம்தான் போகும், இரண்டு கட்டம் தாண்டாது. ராஜாவும் யானையும் இடம் மாறிக் கோட்டை கட்டும் 'கேஸ்லிங்' கிடையாது. அதற்குப் பதில், செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். காக்ரேன் முன்னால் வந்து உட்கார்ந்தபோது மகேஷ்சந்திரருக்குக் கோட்டை கட்டுவதும் சிப்பாயின் இரட்டை அடியும் பழக்கமில்லாத விஷயங்கள். ஐம்பது வயதில் புது விதிகளைக் கற்றுக்கொண்டு, அந்த விதிகளிலேயே ஊறிய ஒருவரோடு ஆட ஆரம்பித்தார். ஐம்பது வயதில் எங்கள் வங்கிக் கிளையில் கம்ப்யூட்டர் வந்தபோது நாங்கள் எல்லாரும் எப்படி முகம் கறுத்தோம் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

பழைய விதிகள் அவரை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவில் அப்போது எல்லாரும் ஒரே மாதிரி ஆடினார்கள். முதல் நகர்த்தலிலேயே நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளு, பலகையின் நடுவைப் பிடி, எதிரி ராஜா மேல் பாய். வீரம் என்றால் அதுதான் என்று நினைத்த காலம். மகேஷ்சந்திரர் வேறு வழியில் போனார். ஒரு கட்டம் ஒரு கட்டமாகச் சிப்பாயை நகர்த்தினார். மந்திரியை ஓரத்து மூலைவிட்டத்தில் உட்கார வைத்தார். "நடுவை நீ எடுத்துக்கொள், நான் பிறகு வந்து அதைத் தட்டுகிறேன்" என்று எதிரியை விட்டுப்பிடித்தார். சிப்பாய் ஒரே கட்டம் போகும் ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு இந்த நிதானம் இயல்பாக வந்தது என்றுதான் இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

அந்த 21 நகர்த்தல்கள்

இனி 1855 மே மாதத்து ஆட்டம். கல்கத்தா. வெள்ளைக் காய் காக்ரேனுக்கு, கறுப்பு மகேஷ்சந்திரருக்கு. மேசையில் கடிகாரம் கிடையாது. செஸ் கடிகாரம் போட்டிக்கு வந்தது 1883ல்தான். உலக சாம்பியன் என்ற பட்டமும் கிடையாது. அதற்கான முதல் போட்டி நடந்தது 1886ல்.

காக்ரேன் ராணிக்கு முன் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். பதிலுக்கு மகேஷ்சந்திரர் சிப்பாயைத் தொடவில்லை. ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்தார். காக்ரேன் பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளினார். மகேஷ்சந்திரர் குதிரை நின்ற இடத்துக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, மந்திரிக்கு ஜன்னல் திறந்தார். காக்ரேன் ராணி பக்கத்துக் குதிரையை எடுத்தார். இப்போது மகேஷ்சந்திரர் தன் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி வெள்ளையின் நடுவை நேராக மோதினார். புதிய விதியின் இரட்டை அடியை அவர் சரியான இடத்தில் பயன்படுத்தினார் பாருங்கள். இந்த மூன்று நகர்த்தல்களை நினைவில் வையுங்கள். கட்டுரையின் கடைசியில் இவை திரும்ப வரும்.

அதன் பிறகு மந்திரி ஜன்னலில் உட்கார்ந்தது, கறுப்பு ராஜா கோட்டைக்குள் போனது. ஒரு சிப்பாயும் குதிரையும் இரண்டு பக்கமும் மாறின. எட்டாவது நகர்த்தலில் மகேஷ்சந்திரர் இன்னொரு சிப்பாயால் வெள்ளையின் நடுவைத் தட்டினார். இன்றைய கிராண்ட்மாஸ்டர்கள் இந்த மாதிரி அமைப்பில் செய்வதும் இதேதான். பதிமூன்றாவது நகர்த்தல் வரை கணக்கு சமம். யாருக்கும் பற்றும் இல்லை, வரவும் இல்லை.

பதினான்காவதில் கொஞ்சம் சறுக்கல். வெள்ளையின் ஒரு மந்திரி தூரத்திலிருந்து கறுப்பு ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றைக் குறி வைத்திருந்தது. அதைக் காப்பாற்ற மகேஷ்சந்திரர் கோட்டைக்குள் இருந்த யானையை ஒரு கட்டம் நகர்த்தினார். அந்தச் சிப்பாய் பிழைத்தது. ஆனால் அதுவரை அதே யானை காத்துக்கொண்டிருந்த எஃப் 7 கட்டத்துச் சிப்பாய்க்கு இப்போது ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், ஒரு கணக்கில் பணம் குறைகிறது என்று இன்னொரு கணக்கிலிருந்து எடுத்துப் போட்டது போல.

காக்ரேன் அவசரப்படவில்லை. தன் யானையை முன்னே கொண்டுவந்து கறுப்பு ராணியை இரண்டு முறை விரட்டினார். பதிமூன்றாவதில் வெளியே வந்த ராணி பதினாறாவதில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போனது. பதினேழாவதில் வெள்ளைக் குதிரை பாய்ந்தது. ஏற்கெனவே வெள்ளை ராணி எஃப் 7ஐ மூலைவிட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது குதிரையும் பார்த்தது. குதிரை போன வழியில் வெள்ளையின் ஒரு மந்திரி காவலில்லாமல் நின்றது. மகேஷ்சந்திரர் அதை வெட்டிக்கொண்டார். நீங்களோ நானோ அங்கே உட்கார்ந்திருந்தால் நாமும் வெட்டியிருப்போம். ஓசியில் ஒரு மந்திரி கிடைக்கிறது, யார் விடுவார்?

காக்ரேன் அந்த மந்திரிக்காகக் கவலைப்படாமல் குதிரையால் எஃப் 7 சிப்பாயை வெட்டினார். ராணி பின்னால் காவல் நிற்பதால் ராஜா அந்தக் குதிரையை வெட்ட முடியாது. மகேஷ்சந்திரர் தன் குதிரையால் வெள்ளை ராணியைத் தாக்கினார், ராணி ஓடட்டும் என்று. ராணி ஓடவில்லை. வெள்ளைக் குதிரை எகிறி எச் 6க்குப் போனது. குதிரையும் செக், அது விலகியதால் ராணியும் செக். ஒரே நேரத்தில் இரண்டு செக் வந்தால் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். ராஜா மூலைக்குப் போனது. காக்ரேன் தன் ராணியையே ராஜாவின் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். யானை அதை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியது. இப்போது கறுப்பு ராஜாவைச் சுற்றி எல்லாம் அவருடைய சொந்தக் காய்களே. ஒரு பக்கம் யானை, ஒரு பக்கம் மந்திரி, முன்னால் சிப்பாய். வெள்ளைக் குதிரை மறுபடி எஃப் 7க்குத் தாவி செக் சொன்னது. ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை. 21வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் செக் பார்த்தவன் நான். இதைப் போல் மறுக்கவே முடியாத செக்கை நான் கவுன்டரில் பார்த்ததில்லை.

யார் பேரில் வரவு?

இந்த ஆட்டத்தைப் பார்த்ததும் எல்லாரும் கை தட்டுவது காக்ரேனின் ராணித் தியாகத்துக்குத்தான். தட்ட வேண்டியதுதான். ஆனால் காலம் போகப் போக இந்த ஆட்டத்தின் மதிப்பு வேறு பக்கம் சேர்ந்தது.

1922ல் வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டு என்பவர் பெரிய போட்டிகளில் ஒரு புதிய தற்காப்பை ஆடினார். முதலில் குதிரை, அப்புறம் ஒரே கட்டச் சிப்பாய், அப்புறம் ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம். அதே ஆண்டு வியன்னாவில் இந்த முறையைக் கொண்டு, பின்னாளில் உலக சாம்பியனான அலெகினையே ஜெயித்தார். அதுமுதல் இதற்கு 'குருன்ஃபெல்டு தற்காப்பு' என்று பெயர். நீங்கள் நினைவில் வைத்த மூன்று நகர்த்தல்கள் இவைதான். மகேஷ்சந்திரர் கல்கத்தாவில் இதை ஆடி அதற்குள் 67 ஆண்டுகள் ஆகிவிட்டன.

பி.காம். படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பாடம் ஞாபகம் வரும். குட்வில், அதாவது நற்பெயர். ஒரு வியாபாரி ஐம்பது வருஷம் உழைத்துச் சம்பாதித்த நற்பெயர் அவர் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக ஏறாது. வேறொருவர் விலை கொடுத்து அந்தக் கடையை வாங்கும்போதுதான், வாங்கியவர் புத்தகத்தில் அது ஏறும். கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. மகேஷ்சந்திரர் கதையில் இதே விதிதான் வேலை செய்கிறது. ஊரில் யாரிடமும் தோற்காமல் ஆடிய வருஷங்களுக்கு ஒரு வரிப் பதிவும் நம்மிடம் இல்லை. கல்கத்தா சங்கத்துக்கு வந்து காக்ரேனிடம் தோற்க ஆரம்பித்த பிறகுதான் அவர் பெயர் ஏட்டில் ஏறியது.

பெயரிலும் ஒரு சங்கடம். ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் மொஹிஷுந்தர், இன்னொரு இடத்தில் மொஹேஷ்சந்தர், வேறொரு இடத்தில் மகேஸ்சந்திரா. இப்படி மூன்று விதமாகக் கையெழுத்து வந்தால் நாங்கள் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவோம். சரித்திரம் அவ்வளவு கண்டிப்பு இல்லை, நல்லவேளை.

1851ல் லண்டனில் உலகின் முதல் சர்வதேசச் செஸ் போட்டி நடந்தது. ஸ்டாண்டன் ஏற்பாடு செய்தார், ஜெர்மனியின் கணித ஆசிரியர் ஆண்டர்சன் ஜெயித்தார். அந்தப் போட்டிக்குக் கல்கத்தா செஸ் சங்கம் 100 பவுண்டு நன்கொடை அனுப்பியது. காக்ரேன் தன் சொந்தப் பணத்தையும் கொடுத்தார். கல்கத்தாவின் பணம் லண்டனுக்குப் போனது, மகேஷ்சந்திரர் போகவில்லை. நாட்டு விதியில் ஆட்டம் கற்ற ஓர் இந்தியர் இங்கிலாந்துக்குப் போய் அவர்கள் போட்டியையே ஜெயிக்க 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் அந்த ஆண்டும், பிறகு 1932, 1933லும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அவருக்கும் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது 2024ல், அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து.

இரட்டைப் பதிவு

இவ்வளவு சொன்ன பிறகு காக்ரேனைக் குறை சொல்லத் தோன்றும். நான் அப்படிப் பார்க்கவில்லை. மகேஷ்சந்திரரை நாம் இன்று அறிவது காக்ரேனால்தான். அவர்கள் இருவரும் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஜெயித்தவர் காக்ரேன். ஜெயித்தவர் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வைத்தார். தான் வைத்த காயை மட்டும் எழுதினால் ஆட்டம் புரியாது, எதிராளி வைத்ததையும் எழுத வேண்டும். கணக்கெழுதும் முறையில் இதை இரட்டைப் பதிவு என்போம். ஒருவர் பற்று இல்லாமல் இன்னொருவர் வரவு எழுத முடியாது. காக்ரேன் தன் வெற்றியை எழுதியபோதெல்லாம், அடுத்த வரிசையில் மகேஷ்சந்திரரின் யோசனையும் எழுதப்பட்டுவிட்டது.

பெயர் வைக்கும் வேலையும் தாமதமாகத்தான் என்றாலும் நடந்தது. மகேஷ்சந்திரர் ஆடிய இந்த நிதானமான முறைக்கு 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயர் 1884லேயே அச்சில் வந்திருக்கிறது. காக்ரேனுக்கு எதிராக இவர் ஆடியதால் வந்த பெயர் அது. இன்று 'கிங்ஸ் இந்தியன்', 'நிம்சோ இந்தியன்', 'குயின்ஸ் இந்தியன்' என்று ஒரு குடும்பமே வளர்ந்து நிற்கிறது. ஒவ்வொன்றிலும் 'இந்தியன்' என்ற சொல் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை செஸ் வகுப்பிலிருந்து வந்து "இன்னைக்கு கிங்ஸ் இந்தியன் கத்துக்கிட்டேன் தாத்தா" என்று சொன்னால், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வங்காளக் கிராமத்து மனிதர் இருக்கிறார் என்று சொல்லுங்கள்.

காக்ரேனுக்கும் நியாயமாகப் பங்கு கிடைத்தது. 1848ல் மகேஷ்சந்திரருக்கு எதிராக ஒரு ஆட்டத்தில் நான்காவது நகர்த்தலிலேயே குதிரையைத் தியாகம் செய்து எஃப் 7 சிப்பாயை வெட்டினார். ஆம், அதே எஃப் 7. அதற்கு 'காக்ரேன் கேம்பிட்' என்று பெயர். 151 ஆண்டுகள் கழித்து, 1999ல் ஸ்பெயினின் லினாரஸ் போட்டியில் டோபலோவ் அதைக் கிராம்னிக்குக்கு எதிராக ஆடினார். ஆட்டம் டிரா. ஆக, ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு பெயரை உலகத்துக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். எதிரே தக்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டுமே பிறந்திருக்காது. காக்ரேன் 1869ல் லண்டன் திரும்பி 1878ல் காலமானார்.

குருன்ஃபெல்டு தற்காப்பின் பின்கதையும் சுவையானது. 1956ல் நியூயார்க்கில் 13 வயது பாபி ஃபிஷர், டொனால்டு பைர்னை ஜெயித்த ஆட்டத்தை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்பார்கள். அதில் ஃபிஷர் ஆடியது இந்தத் தற்காப்புதான். காஸ்பரோவ், கார்போவுடனான உலகப் போட்டிகளில் இதை ஆடினார். நமக்கு நெருக்கமான ஒன்று 2010 ஏப்ரலில் நடந்தது. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் உலக சாம்பியன் போட்டி, முதல் ஆட்டம். வெள்ளை டோபலோவ், கறுப்பு நம் சென்னை விஸ்வநாதன் ஆனந்த். ஆனந்த் வைத்த முதல் மூன்று நகர்த்தல்கள்: ராஜா பக்கத்துக் குதிரை, ஒரே கட்டச் சிப்பாய், ராணிச் சிப்பாய் இரண்டு கட்டம். 155 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் மகேஷ்சந்திரர் வைத்த அதே மூன்று, அதே வரிசையில்.

அந்த ஆட்டத்தில் ஆனந்தும் தோற்றார், 30 நகர்த்தல்களில், எதிராளியின் குதிரைத் தியாகத்துக்குப் பிறகு. ஆனால் 12 ஆட்டங்கள் முடிந்தபோது ஆறரைக்கு ஐந்தரை என்று போட்டியை ஜெயித்துப் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். முதல் ஆட்டத்தில் தோற்றது அந்த மூன்று நகர்த்தல்களின் தப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவில் கெல்ஃபாண்டு இதே தற்காப்பை ஆனந்துக்கு எதிராகவே முதல் ஆட்டத்தில் ஆடி டிரா செய்தார்.

நமக்கு ஒரு கோரிக்கை

நம் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கரும்பலகையில் எழுதுகிறோம். பரிசளிப்பு விழாவில் மூன்று பெயர் படிக்கிறோம். மற்றவர்கள் ஆடியதற்கு எந்த அடையாளமும் இருப்பதில்லை. நகர்த்தல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஆனால் தோற்றதும் அந்தத் தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதில் எட்டாவது நகர்த்தலில் என்ன அழகான யோசனை இருந்தது என்று பார்க்க ஆளில்லை.

ஆகவே சங்க நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள் இது. இந்த முறை போட்டியில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நகர்த்தல் தாள் வையுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர மாடியில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் போதும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும். ஒரு பைண்டு நோட்டில் தேதி வாரியாக ஒட்டி கிளப் ஹவுஸ் அலமாரியில் வைத்துவிடலாம். நோட்டு வாங்கி, வரிசை எண் போட்டு, ஒட்டிப் பராமரிக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். லெட்ஜர் எழுதிப் பழகிய கை, இதற்குச் சம்பளம் வேண்டாம்.

"சும்மா காய் நகர்த்துவேன்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சும்மா நகர்த்துவதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். மகேஷ்சந்திரருக்கும் தான் வைத்த மூன்று நகர்த்தல்களுக்கு என்ன பெயர் வரும் என்று தெரியாது. வந்து உட்கார்ந்து ஆடினார், அவ்வளவுதான். நீங்களும் பெயர் கொடுங்கள். பெரியவர்கள் பிரிவுக்கான பட்டியல் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இன்னும் நிறைய வரிகள் காலியாக இருக்கின்றன.